நாயை விட்டுப் போன இடத்தில் கசப்பு நேர்ந்தால், ரிவியூவை எப்படி எழுதுவது?

தக்கலையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். அப்பாவின் ஆபரேஷனுக்காகத் திருவனந்தபுரத்தில் ஆறு நாள் இருக்க வேண்டி வந்ததால், நான்கு வயது லாப்ரடாரை மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் விட்டுப் போயிருக்கிறார். போர்டு வைத்து, காசு வாங்கி நாய் பார்த்துக்கொள்ளும் வீடு. நாளுக்கு 500 ரூபாய், மொத்தம் 3,000. திரும்பக் கூட்டி வரும்போது நாய் இளைத்திருந்தது. காதுக்குள் உண்ணி. கழுத்தில் பெல்ட் கிடந்த இடத்தில் முடி போய்த் தோல் ஈரமாகச் சிவந்திருந்தது. குரைத்தால் காற்றுத்தான் வந்தது. தினமும் போட்டோ அனுப்புவேன் என்றவர் அனுப்பியதில் இரண்டாம் நாள் படமும் நான்காம் நாள் படமும் ஒரே படம். கேட்டபோது, "உங்க நாய் அடங்காது, நான் என்ன செய்ய முடியும்?" என்றாராம்.

அந்த வீட்டம்மா இவருடைய மயினிக்கு (அண்ணிக்கு) தெரிந்தவர். கணவர் வளைகுடாவில், இரண்டு சின்னப் பிள்ளைகள். "உள்ளதை எழுதினால் அவர் பிழைப்பில் மண் விழும். எழுதாமல் விட்டால் அடுத்த நாய்க்கும் இதே கதி. நான் என்ன செய்யட்டும் அக்கா?" இதுதான் கேள்வி.

எழுதுங்கள். ஆனால் இன்றைக்கு எழுத வேண்டாம். நாயை டாக்டரிடம் காட்டி, அந்த வீட்டாரிடம் ஒரு முறை எழுத்தில் கேட்டு, மூன்று நாள் கழித்து எழுதுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். நாகர்கோவிலில் என் வீட்டிலேயே பதினோரு வருடமாக நாயும் பூனையும் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் பற்றி ஒரு ஸ்டார் ரிவியூ இரண்டு வந்திருக்கிறது. ஒன்று உண்மை, ஒன்று உண்மை இல்லை. இரண்டையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு நாளும் நீங்கள் அங்கே இல்லை. உங்கள் ரிவியூவைப் படிக்கப் போகிறவரும் இல்லை. அங்கே இருந்தது அந்த வீட்டாரும் ஒரு வாயில்லா ஜீவனும்தான். ஓட்டலில் சாப்பாடு ஊசிப்போயிருந்தால் உங்கள் நாக்கு சாட்சி. இங்கே சாட்சி சொல்ல வேண்டியது நாய், அதற்குப் பேச்சு வராது. அதனால் மற்ற எந்த ரிவியூவையும் விட இதில் அதிகக் கவனம் வேண்டும். எப்படி ஒப்படைத்தீர்கள், எப்படித் திரும்ப வாங்கினீர்கள், நடுவில் அவர்கள் உங்களிடம் என்ன சொன்னார்கள். இந்த மூன்றையும் நீங்கள் சத்தியம் செய்து சொல்லலாம். இவற்றுக்கு வெளியே உள்ளதெல்லாம் ஊகம். ஊகம் சரியாகவே இருக்கலாம், ஆனாலும் ஊகம்தான்.

பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை இங்கே உதவும். "நாய் இளைத்திருந்தது" என்பது நீங்கள் கண்டது. "நாயை இளைக்க விட்டார்கள்" என்றால் அது ஒரு குற்றச்சாட்டு. "இரண்டு நாள் சாப்பிடவில்லை" வேறு, "இரண்டு நாள் பட்டினி போட்டார்கள்" வேறு. கோபத்தில் கை தானாகப் பிறவினைக்குப் போய்விடும். எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு வினையையும் தொட்டுப் பார்த்து, நீங்கள் கண்ணால் பார்த்ததா, செய்தது யார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தன்வினையாக மாற்றுங்கள். ரிவியூவின் பலம் குறையாது, கூடத்தான் செய்யும்.

இனி உங்கள் நாய்க்கு வருகிறேன்.

உண்ணி விஷயத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். நம் மாவட்டத்தில் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருடத்தில் பாதிக்கு மேல் ஈரம். நாய்களில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் பழுப்பு நிற உண்ணி புல்லில் மட்டும் இருப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் கூண்டின் மூலையிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் குடியிருக்கும். ஒரு பெண் உண்ணி ரத்தம் குடித்து நிறைந்து கீழே விழுந்தால் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு வீட்டில் அது புகுந்துவிட்டால் மாதக்கணக்கில் போராட வேண்டும். என் வீட்டிலும் ஒரு வருடம் புகுந்தது, சுவரைச் சொரண்டிப் பூசித்தான் ஒழித்தேன்.

உங்கள் நாயின் காதைத் திருப்பி என்ன அளவில் இருக்கிறது என்று பாருங்கள். ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பிக் கிடப்பது முழுக்க ரத்தம் குடித்த பெண் உண்ணி. அந்த அளவுக்கு நிறைய அதற்குப் பெரும்பாலும் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். உங்கள் நாய் அங்கே இருந்தது ஆறு நாள். அப்படியொன்று இருந்தால் அது உங்கள் வீட்டிலிருந்தே போயிருக்க வாய்ப்பு உண்டு. எள்ளு அளவிலோ தட்டையாகச் சின்ன விதை போலவோ காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் கூட்டமாக இருந்தால் சமீபத்தில் ஏறியவை. அப்போதும் "அங்கேதான் ஒட்டியது" என்று எழுதாதீர்கள். "விடுவதற்கு முந்தின வாரம் டாக்டர் பார்த்தபோது உண்ணி இல்லை. கூட்டி வந்த அன்று இரண்டு காதிலும் விரல் இடுக்கிலுமாக இத்தனை எடுத்தோம், எல்லாம் சிறியவை" என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். படிக்கிறவர் தானே முடிவுக்கு வருவார். முந்தின வாரம் யாரும் பார்க்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், அல்லது உண்ணியை விட்டுவிடுங்கள்.

நோய்க்கும் இதே நாள் கணக்கு உண்டு. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வது உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் தலைகாட்டும். கூட்டி வந்த மறுநாளே காய்ச்சல் என்றால் அந்தக் கடி அதற்கு முன்பே நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பார்வோ (குட்டிகளை அதிகம் தாக்கும் வயிற்றுத் தொற்று) என்றால் தொற்றிச் சாதாரணமாக மூன்று முதல் ஏழு நாளில் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தொடங்கும், சில சமயம் இரண்டு வாரம் வரை போகும். ஆக, விட்ட மறுநாளே குட்டிக்குப் பார்வோ வந்துவிட்டது என்று ஒருவர் பார்த்துக்கொண்டவரைத் திட்டினால், அந்தக் குட்டி பெரும்பாலும் நோயோடுதான் உள்ளே போயிருக்கிறது. அங்கே இருந்த மற்ற நாய்களுக்கு ஆபத்தைக் கொண்டுபோனவரே அவர்தான். இப்படி ஒரு ரிவியூவால் நல்ல இடம் ஒன்று மூடப்பட்டதை நான் அறிவேன்.

எடைக்கு வாய்ப்பேச்சு போதாது, தராசு வேண்டும். தடுப்பூசி அட்டையில் கடைசியாக எடை குறித்திருப்பார்கள். அது ஆறு மாதம் முந்தியது என்றால் பயன்படாது. போன மாதத்தது என்றால், அதே டாக்டரிடம் அதே தராசில் நிறுத்துங்கள். புது இடத்தில் முதல் ஒன்றிரண்டு நாள் தட்டைத் தொடாத நாய்கள் ஏராளம். கொஞ்சம் எடை குறைவதை நான் குறையாகவே எண்ண மாட்டேன். 29 கிலோ நாய் ஆறு நாளில் 27 ஆகியிருந்தால் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏழு சதவீதம் அது. என் பார்வையில் பெரிய குற்றம் எடை இறங்கியதில் இல்லை. நாய் சாப்பிடவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டதில்தான்.

கழுத்துப் புண்ணில் கவனம். லாப்ரடாருக்கு அடிமுடி அடர்த்தி. பெல்ட்டுக்கு அடியில் மழை ஈரம் தங்கி, அரித்து, நாய் சொறிந்தால் ஒரே ராத்திரியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து நீர் வடியும். பார்த்தால் மாதக்கணக்கில் கட்டிப்போட்ட மாதிரி தெரியும். சங்கிலி இறுகி அறுத்த புண் வேறு மாதிரி, கழுத்தைச் சுற்றிக் கோடாக இருக்கும். இதை நீங்களும் நானும் தீர்மானிக்க வேண்டாம். டாக்டர் சீட்டில் என்ன எழுதினாரோ அந்த வார்த்தையையே எழுதுங்கள்.

குரல் கம்மியது நிறைய நேரம் குரைத்ததால் இருக்கலாம், இருமல் தொற்றாகவும் இருக்கலாம். ஒரு வரி போதும்.

உங்கள் கையில் இருப்பதிலேயே அசைக்க முடியாதது அந்தப் போட்டோதான். இரண்டாம் நாளும் நான்காம் நாளும் ஒரே படம். அதில் ஊகம் எதுவும் இல்லை, வாட்ஸ்அப்பில் தேதியோடு கிடக்கிறது. உண்ணியும் புண்ணும் கண்ணில் பெரிதாகத் தெரிவதால் அவற்றை முதலில் எழுதத் தோன்றும். போட்டோவை முதலில் வையுங்கள். இந்தத் தொழிலில் நாங்கள் விற்பது தீனியும் கூண்டும் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவுக்காகக் காத்திருக்கும் ஒருவர், நாயை நினைத்துக் கவலைப்படாமல் இருக்கத்தான் காசு கொடுக்கிறார். பழைய படத்தைப் புதுப் படம் என்று அனுப்பினால் அந்த நம்பிக்கைதான் உடைகிறது. நாய் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் தெரியும், ஒரு நாள் படம் எடுக்க முடியாமல் போகும். "இன்னைக்கு மழை, எடுக்கல, நாளைக்கு அனுப்புறேன்" என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகாது.

இப்போது என் கதை. முதலாவது, உண்மை இல்லாத ரிவியூ. ஒரு பொமரேனியன் வந்தது. வயசானது, அம்மாவின் மடியை விட்டு இறங்காத நாய். இரண்டு நாள் எதையும் தொடவில்லை. சாளை மீனை வேகவைத்து முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து, கையில் வைத்து நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் "அது அப்படித்தான், பசிச்சா தின்னும்" என்றார். அவர் அதை மனைவியிடம் சொல்லவே இல்லை. கூட்டிப் போன அன்று ராத்திரி அந்த அம்மா எழுதினார்: "பட்டினி போட்டுக் கொன்றிருப்பார்கள், நல்ல வேளை வந்து சேர்ந்தோம்." நான் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. எழுதுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பிறகு தெரிந்து அவரே எடுத்துவிட்டார், வருத்தமும் சொன்னார். அதனால்தான் உங்களிடம் முதலில் கேளுங்கள் என்கிறேன்.

இரண்டாவது, உண்மையான ரிவியூ. கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாவின் கடைசி நாள், டிசம்பர் 3, ராத்திரி வெடிச்சத்தத்தில் ஒரு நாட்டுநாய் மிரண்டு என் கேட்டைத் தாண்டிச் சாடிவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் தெருத் தெருவாக அலைந்தோம். நாற்பது நிமிடம் கழித்துச் சானல்கரையில், சின்னப் பாலத்துக்கு அடியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காலைக் கழுவித் துடைத்து, துணி போர்த்திவிட்டு, அப்புறம்தான் உரிமையாளருக்குப் போன் செய்தேன். கிடைத்த பிறகு சொன்னால் பயப்பட மாட்டாரே என்று நினைத்தேன். அவர் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம்: "அன்பாகப் பார்த்துக்கொள்கிறார். சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் கேட் நாலடி உயரம்தான், வெடிச்சத்தத்தில் நாய் தாண்டி ஓடி நாற்பது நிமிடம் தெருவில் இருந்தது. தேடிய நாற்பது நிமிடமும் எனக்குச் சொல்லவில்லை, கிடைத்த பிறகுதான் சொன்னார். வெடிக்குப் பயப்படும் என்று நானும் முன்கூட்டிச் சொல்லவில்லை."

ஒரு ஸ்டார். முதலில் படித்தபோது கண் இருண்டது. நான்கு தடவை படித்தேன். மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தை அதில் கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் அழைப்பு குறைந்தது, நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டை ஆறடிக்கு உயர்த்தினேன், உள்ளே இன்னொரு கேட் போட்டேன். நாய் காணவில்லை என்றால் பத்து நிமிடத்துக்குள் உரிமையாளருக்குச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். வெடிக்கும் இடிக்கும் பயமா என்று நாய் வரும்போதே கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். அந்த ரிவியூவுக்குக் கீழே "நடந்தது உண்மை, இப்போது இரண்டு கேட் இருக்கிறது" என்று பதில் எழுதினேன். இப்போது புதிதாக வருகிறவர்கள் நேரே வந்து கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

அதில் நீங்கள் கவனிக்க வேண்டியது கடைசி வரி. தன் பக்கத்துப் பிசகையும் அவர் எழுதினார். அதனால்தான் முழு ரிவியூவையும் நம்பத் தோன்றியது. நீங்களும் யோசித்துப் பாருங்கள். உங்கள் நாய் தனியாக இருந்தால் குரைக்குமா, சங்கிலி பழக்கம் உண்டா, வழக்கமாகச் சாப்பிடும் தீனியைக் கொடுத்துவிட்டீர்களா, அவசரத்தில் எதையாவது சொல்ல மறந்தீர்களா? அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஓடும்போது மறப்பது இயல்பு. மறந்திருந்தால் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

சரி, அந்த வீட்டம்மாவிடம் எப்படிக் கேட்பது? மயினி மூலமாகக் கேட்காதீர்கள். மயினி அவரிடம் ஒன்று சொல்வார், அவர் மயினியிடம் ஒன்று சொல்வார், ஞாயிற்றுக்கிழமைக்குள் அது வேறு கதையாகிவிடும். நேராக வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். டாக்டர் சொன்னதைச் சொல்லி, எத்தனை நாள் சாப்பிட்டது, எத்தனை மணி நேரம் கட்டியிருந்தது, ஏன் ஒரே போட்டோ இரண்டு தடவை வந்தது என்று கேளுங்கள். திட்ட வேண்டாம், ரிவியூ எழுதுவேன் என்ற மிரட்டலும் வேண்டாம். மூன்று நாள் கொடுங்கள். பதில் வந்தால் அதையும் ரிவியூவில் சேருங்கள், வராவிட்டால் வரவில்லை என்று சேருங்கள். "உங்க நாய் அடங்காது" என்று அன்றைக்கு வாசலில் சொன்னது களைப்பில் வந்த வார்த்தையாகவும் இருக்கலாம். ஆறு நாயைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளையும் பார்க்கிறவருக்கு சாயங்காலம் ஐந்து மணிக்கு நாக்கு தடிக்கும். இரண்டாவது முறை கேட்டபோதும் அதே பதில் என்றால் அதை எழுதத் தயங்காதீர்கள்.

பிழைப்பைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். அந்தக் கவலை உங்களுக்கு இருப்பது நல்ல மனசு. ஆனால் நம் ஊரில் எழுதாமல் இருப்பதால் அவர் தப்பிப்பதில்லை. நீங்கள் மயினியிடம் சொல்வீர்கள், மயினி கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வார், குழித்துறை போய்ச் சேரும்போது நாய் செத்துப்போனதாகவே ஆகியிருக்கும். அந்தப் பேச்சுக்கு அந்தப் பெண் எங்கே போய்ப் பதில் சொல்வார்? ரிவியூ என்றால் அவர் கண்ணில் படும், கீழே பதில் எழுத இடம் உண்டு, திருத்திக்கொண்டால் அதையும் ஊர் பார்க்கும். அவருக்கு நீங்கள் செய்யும் நியாயமும் அதுதான். கணவர் வெளிநாட்டில் இருப்பது, பிள்ளைகள், அவர் எந்த ஊர்க்காரி, என்ன சாதி, எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்பதெல்லாம் ரிவியூவுக்குள் வரவே கூடாது. வீட்டுப் படம் போட்டால் பிள்ளைகள் முகமோ வண்டி நம்பரோ அதில் தெரியக் கூடாது.

காசு வாங்காமல் சொந்தக்காரரோ பக்கத்து வீட்டாரோ பார்த்துக்கொண்டு பிசகு நேர்ந்தால், அதைப் பொதுவில் எழுதாதீர்கள். அவர்கள் உதவி செய்தவர்கள். குறையை நேரில் சொல்லுங்கள், அடுத்த முறை வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். போர்டு வைத்துக் காசு வாங்குகிறவர் விஷயம் வேறு, அடுத்து வருகிறவருக்குத் தெரிய உரிமை உண்டு.

இப்போது ரிவியூவே. கோபத்தில் எழுதினால் இப்படி வரும்: "நரகம். நாயைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை. சோறே போடவில்லை. பணப்பேய்கள். யாரும் போகாதீர்கள்." இதைப் படிப்பவருக்கு நீங்கள் கோபமாக இருப்பது தெரியும், அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன், எண்களையும் விவரங்களையும் உங்களுக்கு நடந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"எங்கள் நான்கு வயது லாப்ரடாரை ஆறு நாள் விட்டிருந்தோம், நாளுக்கு 500 ரூபாய். சேர்க்கும்போது பொறுமையாகப் பேசினார், இடம் கழுவிச் சுத்தமாக இருந்தது. தினமும் போட்டோ அனுப்புவதாகச் சொன்னார். நான்கு படம் வந்தது, அதில் இரண்டாம் நாளும் நான்காம் நாளும் ஒரே படம். நாய் சாப்பிடவில்லை என்று எங்களுக்குச் சொல்லவில்லை. கூட்டி வந்த அன்று எடை 27 கிலோ, மூன்று வாரம் முன்பு அதே தராசில் 29. கழுத்தில் பெல்ட்டுக்கு அடியில் புண், ஈரத்தால் வந்த தோல் அழற்சி என்று டாக்டர் சொன்னார். இரண்டு காதிலும் சிறிய உண்ணிகள் இருந்தன. குரல் மூன்று நாள் கம்மியிருந்தது. தனியாக விட்டால் குரைக்கும் பழக்கத்தை நாங்கள் முன்பே சொல்ல மறந்துவிட்டோம். பிறகு எழுத்தில் கேட்டோம், நாய் அடங்கவில்லை என்று மட்டும் பதில் வந்தது. நாங்கள் மறுபடி விட மாட்டோம். அடங்கி இருக்கும் நாய்க்கு ஒருவேளை ஒத்துவரலாம். விடுகிறவர்கள் தினமும் வீடியோ காலில் நாயைப் பார்க்கக் கேளுங்கள்."

ஸ்டார் இரண்டு கொடுப்பேன். நாய் உயிரோடு, ஓடிப்போகாமல், கடிபடாமல் திரும்பியிருக்கிறது. ஒரு ஸ்டாரை அதைவிட மோசமானதற்கு வைத்திருக்க வேண்டும். நீங்கள் ஒன்று கொடுத்தாலும் தப்பில்லை, எழுதியிருப்பது உண்மையாக இருந்தால் போதும். அண்ணன் தம்பி எல்லோரையும் விட்டு ஒரு ஸ்டார் போடச் சொல்வது மட்டும் கூடாது. நாயை விடாதவர் எழுதுவது பொய் சாட்சி, பிடிபட்டால் உங்கள் உண்மையும் அதோடு சேர்ந்து போகும்.

வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். அவதூறு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது, முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500. உண்மையைப் பொது நன்மைக்காகச் சொல்வது அவதூறு ஆகாது என்பதுதான் அதன் முதல் விதிவிலக்கு. "பணப்பேய்", "திருடி", "சித்திரவதை" போன்ற சொற்கள்தான் வம்பு. சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். டாக்டர் செலவைத் திரும்பக் கேட்க நினைத்தால் அது ரிவியூவில் பேசும் விஷயம் இல்லை. காசு கொடுத்துப் பெற்ற சேவை என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. "ரிவியூவை எடுங்கள், 3,000ஐத் திருப்பித் தருகிறேன்" என்று அவர் சொன்னால் இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். பணம் தந்தால் வாங்கிக்கொண்டு, "பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்" என்று ரிவியூவில் ஒரு வரி சேருங்கள். அவருக்கு அது நல்லதே செய்யும்.

நான் சொன்ன மூன்று நாள் பொறுமை உங்கள் மாதிரி விஷயத்துக்குத்தான். நாய் செத்துப்போனாலோ, அடித்த காயம் என்று டாக்டர் சொன்னாலோ ரிவியூ கடைசி. செத்த உடலை ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக, உறையவிடாமல், அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனை கேளுங்கள், அப்புறம் போலீஸ். 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், படித்தால் வயிறு எரியும். ஆனால் விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. புகாரில் அதையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இது ரிவியூவை விட அவசரம். காதில் உண்ணி இருந்தது என்பதால் இன்னும் மூன்று வாரம் நாயின் உடம்பைக் கவனியுங்கள். நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி. 103ஐத் தாண்டினாலோ, சாப்பாட்டை வெறுத்துப் படுத்தே கிடந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகும். அப்படி ஏதாவது வந்தால் ரிவியூவைத் திறந்து தேதியோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வரவில்லை என்றாலும் மூன்று வாரம் கழித்து, "நாய் இப்போது நன்றாக இருக்கிறது" என்று சேருங்கள்.